கணக்கு வராதா, இன்னும் வரவில்லையா?

ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு 35 வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்து ஒரு பிள்ளை 60-க்கு ஏறியிருக்கிறது. இன்னொன்று 30-க்கு இறங்கியிருக்கிறது. முதல் தேர்வன்று இருவருக்கும் தெரிந்திருந்த கணக்கு ஏறத்தாழ ஒரே அளவுதான். வீட்டுச் சூழலும் ஒன்றுபோலத்தான். அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

ஒரு பிள்ளை விடைத்தாளைப் பார்த்து, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லியிருக்கும். மற்றது, ‘பின்னம் இன்னும் சரியா வரல’ என்று சொல்லியிருக்கும். தமிழ் பேசும் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. ‘வரவில்லை’ என்பது இதுவரை நடந்ததை மட்டும் சொல்கிறது. ‘வராது’ என்பது நாளைக்கும் அடுத்த ஆண்டுக்கும் சேர்த்தே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்பை நம்பும் பிள்ளை புத்தகத்தைத் திறக்காமல் இருப்பதில் வியப்பில்லை. வராத ஒன்றுக்காக யார்தான் காத்திருப்பார்கள்?

பிள்ளைகள் இந்த இரண்டில் எதைச் சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள், வகுப்பறையால் அதை மாற்ற முடியுமா என்பது கடந்த ஐம்பது ஆண்டுகளாக உளவியலாளர்கள் சோதித்துவரும் கேள்வி.

அந்தத் தேடலின் தொடக்கம் நாய்களிடம் இருக்கிறது. 1967-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு கூட்டம் தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்திக்கொள்ளலாம். இன்னொரு கூட்டம் என்ன செய்தாலும் அது நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் தாழ்வான தடுப்பு ஒன்று உள்ள பெட்டியில் விட்டார்கள். தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தப்பித்துவிடலாம். முதல் கூட்டம் குதித்தது. இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானவை குதிக்க முயலக்கூட இல்லை. படுத்துக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொண்டன. எதைச் செய்தும் பயனில்லை என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன. இந்த நிலையைத் தமிழில் ‘கற்ற கையறுநிலை’ எனலாம். புரவலனை இழந்த புலவரின் துயரத்துக்குப் புறத்திணை இலக்கணம் தந்த பெயர் கையறுநிலை. செய்வதறியாது நிற்கும் நிலை என்ற பொருளில் இங்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.

கேரல் டுவெக் என்ற இளம் ஆய்வாளர் இதே நிலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் தேடினார். 1975-ல் வெளியான அவரது சோதனையில் இருந்தது 12 பிள்ளைகள் மட்டுமே. ஒரு கணக்கு தவறினால் அதன்பின் தெரிந்த கணக்கையும் கோட்டைவிடும் பிள்ளைகள் என்று பள்ளியே சுட்டிக்காட்டியவர்கள் அவர்கள். பாதிப்பேருக்குப் பல நாட்கள் எளிதாக முடியும் கணக்குகளை மட்டும் கொடுத்தார். மீதிப்பேருக்கு இடையிடையே முடியாத கணக்கையும் வைத்து, தவறும்போதெல்லாம் ‘இன்னும் கொஞ்சம் முயன்றிருக்க வேண்டும்’ என்று சொல்ல வைத்தார். கடைசிச் சோதனையில், வெற்றியை மட்டுமே பார்த்துவந்த பிள்ளைகள் முதல் தோல்வியிலேயே பழையபடி கலங்கினார்கள். இரண்டாவது குழு தவறுக்குப் பின்னும் தொடர்ந்து கணக்குப் போட்டது. தன்னம்பிக்கை வரட்டும் என்று எளிய வினாக்களாகக் கொடுத்துக்கொண்டிருப்பது போதாது. தோல்விக்குப் பிள்ளை கற்பிக்கும் காரணம் மாற வேண்டும் என்பது அன்று தெரிந்தது. ‘காரணம் கற்பித்தல்’ என்ற பழைய தமிழ்ச் சொற்றொடர் இந்த மன வேலைக்குக் கச்சிதமான பெயர்.

1978-ல் டுவெக்கும் கேரல் டைனரும் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். பிள்ளைகளிடம் புதிர்களைக் கொடுத்து, மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடும்படி கேட்டார்கள். முதல் எட்டுப் புதிர்கள் அவர்களால் முடிபவை. அடுத்து வந்தவை அந்த வயதுக்கு மீறியவை. எட்டாவது புதிர்வரை இரண்டு வகைப் பிள்ளைகளின் திறமையிலும் வேறுபாடு தெரியவில்லை. கடினமானது வந்ததும் ஒரு வகையினர் தங்கள் நினைவாற்றலைக் குறைசொன்னார்கள், பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். மற்றவர்கள் ‘ஏன் தோற்றேன்’ என்று யோசிக்கவே இல்லை. ‘மெதுவாகப் போ, இன்னொரு வழியில் பார்’ என்று தமக்குத்தாமே ஆணையிட்டுக்கொண்டார்கள். பின்னர் வந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கலங்கிய பிள்ளைகள், தாங்கள் ஏற்கெனவே சரியாகப் போட்ட புதிர்களின் எண்ணிக்கையைக்கூடக் குறைத்தே நினைவுகூர்ந்தார்கள். வந்த கணக்கும் வராததாகிவிட்டது.

டுவெக்குக்கு இந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்பதை அவரே எழுதியிருக்கிறார். நியூயார்க்கின் புரூக்ளினில் அவர் ஆறாம் வகுப்பு படித்தபோது, ஆசிரியை பிள்ளைகளை ஐ.க்யூ. எனப்படும் நுண்ணறிவு எண்ணின் வரிசைப்படி உட்கார வைத்திருந்தார். எண் உயர்ந்த பிள்ளைகளுக்குத்தான் கரும்பலகை துடைக்கவும், கொடி பிடிக்கவும், தலைமையாசிரியருக்குக் கடிதம் கொண்டுபோகவும் உரிமை. டுவெக் முதல் வரிசைக்காரர். அந்த இடத்தை இழந்துவிடுவோமோ என்ற பயத்தைத்தான் அந்த ஆண்டு அவருக்குத் தந்தது. இத்தனைக்கும் அந்த எண்ணுக்கு அடிப்படையான நுண்ணறிவுச் சோதனையை 1905-ல் முதலில் உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் ஆல்ஃப்ரட் பினேயின் நோக்கம், பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டு உதவுவது. அறிவு கூட்டவே முடியாத ஒரு அளவு என்ற கருத்தை அவர் 1909-ல் எழுதிய நூலிலேயே கடுமையாக மறுத்தார். எண் மட்டும் கடல் தாண்டிப் போனது, எச்சரிக்கை போகவில்லை.

அறிவும் திறனும் பிறவியிலேயே இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கப்பட்டவை என்னும் நம்பிக்கையை ‘நிலைத்த மனப்பான்மை’ என்றும், சரியான வழியில் உழைத்தால் அவை வளரும் என்னும் நம்பிக்கையை ‘வளர்ச்சி மனப்பான்மை’ என்றும் சொல்வது வழக்கம். இரண்டாவதை ‘வளர்மனம்’ என்று சுருக்கலாம். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: வளர்ந்த மனம், வளர்கிற மனம், வளரும் மனம் என்று மூன்று காலமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரே ஆள் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதும் இல்லை. ஓவியத்தில் வளர்மனம் உள்ள பிள்ளைக்குக் கணக்கில் நிலைத்த மனம் இருக்கலாம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து ஒட்டிக்கொள்கிறது? ஒரு பகுதி, நல்லெண்ணத்தோடு சொல்லும் பாராட்டிலிருந்து. 1998-ல் கிளாடியா முல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வு இதை எடுத்துச் சோதித்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் தனி அறையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே கட்டம் கட்டமாக வடிவங்கள். விடுபட்ட கட்டத்தில் எந்த வடிவம் வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பத்துப் புதிர்கள் முடிந்ததும், நன்றாகச் செய்தாய் என்று எல்லோரிடமும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு வாக்கியத்தில்தான் வேறுபாடு. சிலரிடம், நீ புத்திசாலியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். சிலரிடம், நீ கடுமையாக முயன்றிருக்க வேண்டும் என்கிறார்கள். இன்னும் சிலருக்குக் கூடுதலாக எதுவும் சொல்வதில்லை.

அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் 67 சதவீதம் பேர் தங்களைக் கெட்டிக்காரராகக் காட்டக்கூடியதையே கேட்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் 92 சதவீதம் பேர், தவறினாலும் புதிதாக ஏதாவது கற்றுத்தரக்கூடியதைத் தேர்ந்தார்கள். பிறகு எல்லோருக்கும் மிகக் கடினமான ஒரு தொகுப்பு, எல்லோரும் தோற்றார்கள். கடைசியாக முதல் தொகுப்பைப் போலவே எளிதான மூன்றாவது தொகுப்பு. புத்திசாலிகள் முதல் தடவை போட்டதைவிடக் குறைவாகப் போட்டார்கள்; முயற்சிக்காரர்கள் கூடுதலாகப் போட்டார்கள். வேறொரு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் மதிப்பெண்ணைப் பெயரில்லாமல் எழுதித் தரச் சொன்னபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். மனத்தை உறுத்துவது இந்த முடிவுதான். முன்பின் தெரியாத ஒருவரிடம்கூடக் குறைந்த மதிப்பெண்ணை ஒப்புக்கொள்ள முடியாத அளவுக்கு, அந்த ஒற்றைச் சொல் ஒரு சுமையாகிவிட்டது. பின்னாளில் சீனாவில் 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு இவ்வளவு தெளிவான விளைவு கிடைக்கவில்லை என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திறன் வளரும் என்பது பிள்ளைகளைத் தேற்றச் சொல்லும் கதை என்று ஒருவர் ஐயப்படலாம். மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள் அதற்குப் பதில் சொல்லியிருக்கின்றன. லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமானால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். கேத்தரின் வூலட், எலினார் மக்வயர் இருவரும் 79 பயிற்சியாளர்களைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு, இடங்களின் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்பக்கம் பயிற்சிக்குப் பின் பருத்திருந்தது. தேறாதவர்களிடமும் பயிற்சியே எடுக்காதவர்களிடமும் அந்த மாற்றம் இல்லை. பெரிய ஹிப்போகாம்பஸ் உள்ளவர்கள்தான் டாக்சி ஓட்ட வருகிறார்களோ என்ற கேள்வி எழக்கூடாது என்பதற்காகவே தொடக்கத்திலும் முடிவிலும் இருமுறை படமெடுத்தார்கள்.

தோப்புக்குள் ஆள் நடக்க நடக்கத் தடம் விழுவதைப் போல, ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அதில் ஈடுபடும் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்படுகின்றன. நடப்பதை நிறுத்தினால் புல் மூடிவிடும். பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழகியவர்களின் மூளையில் ஒரு பகுதி பருத்ததையும், பழக்கத்தை விட்டபின் அது மீண்டும் சுருங்கியதையும் 2004-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் படமெடுத்துக் காட்டினார்கள். இதற்கு ‘மூளையின் நெகிழ்திறன்’ என்று பெயர். எல்லோரும் ஒரே உயரத்துக்கு வளர்வார்கள் என்று இது சொல்லவில்லை. இப்போதுள்ள உயரம் இறுதியான உயரமில்லை என்று மட்டுமே சொல்கிறது.

இந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொன்னால் என்ன ஆகும்? நியூயார்க்கில் லீசா பிளாக்வெல் குழு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 91 பேரை இரு குழுவாக்கியது. இரு குழுவும் படிக்கும் முறை பற்றிய எட்டு வகுப்புகள் கேட்டன. ஒரு குழுவுக்கு மட்டும், மூளை உழைப்பால் வலுப்பெறும் என்ற பாடம் சேர்க்கப்பட்டது. 2007-ல் வெளியான முடிவில், அந்தக் குழுவின் கணக்கு மதிப்பெண் சரிவு நின்றது. மற்றக் குழுவின் சரிவு தொடர்ந்தது.

இங்கிருந்துதான் உற்சாகம் அளவை மீறியது. பள்ளிச் சுவர்களில் சுவரொட்டிகள் ஏறின. பயிற்சிப் பட்டறைகள் விலைக்கு வந்தன. 91 பேரிடம் கண்டது நாடு முழுவதும் நடக்குமா என்பதை அறியப் பெரிய சோதனைகள் தேவைப்பட்டன. இங்கிலாந்தில் 101 தொடக்கப் பள்ளிகளில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2019-ல் வந்தது: படிப்பில் கூடுதல் முன்னேற்றம் எதுவும் இல்லை. ஒப்பீட்டுக்கு வைத்த பள்ளிகளின் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இந்தக் கருத்தை ஏற்கெனவே அறிந்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். பல ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் முறைக்குத் ‘தொகுப்பாய்வு’ என்று பெயர். விக்டோரியா சிஸ்க் குழு 2018-ல் செய்த தொகுப்பாய்வில், இத்தகைய பாடங்களால் மதிப்பெண்ணில் கிடைத்த சராசரிப் பயன் மிகச் சிறியது என்று தெரிந்தது. வறுமையில் வாடும் பிள்ளைகளுக்கு மட்டும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்றது.

இதுவரை நடந்தவற்றில் மிகக் கவனமாகத் திட்டமிடப்பட்டது டேவிட் யேகர் தலைமையில் அமெரிக்காவில் நடந்த தேசிய ஆய்வு. முடிவைப் பார்த்துவிட்டு ஆராயும் முறையை மாற்றிக்கொள்ள முடியாதபடி, எப்படி ஆராயப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்தார்கள். தரவைத் திரட்டியதும் வெளி நிறுவனம். நாட்டுக்கு மாதிரியாகத் தேர்ந்தெடுத்த 65 பள்ளிகளில், 12,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கணினி வழியே ஒரு மணிநேரத்துக்கும் குறைவான பாடம் ஒன்றைப் படித்தார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரித் தரப்புள்ளி, நான்குக்கு 0.1 அளவில் உயர்ந்தது. தனி ஒரு மாணவருக்கு அது சிறிய ஏற்றம். செலவு அநேகமாக இல்லாத, ஒரு மணிநேரத்தில் முடியும் வேலைக்கு அது அற்பமும் இல்லை.

ஆய்வின் சாரம் அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. கடினமானதைக் கேட்டு வாங்கிச் செய்வது உடன்படிக்கும் பிள்ளைகளிடையே இயல்பாக இருந்த பள்ளிகளில் பயன் கூடுதலாக இருந்தது. அப்படி இல்லாத பள்ளிகளில் குறைவாக இருந்தது. அதே தரவை ஆசிரியர் பக்கத்திலிருந்து பார்த்து 2022-ல் வெளியிட்ட கட்டுரை, கணக்காசிரியருக்கே வளர்மனம் இருந்த வகுப்புகளில்தான் மாணவரின் கணக்கு மதிப்பெண் உயர்ந்தது என்றது. விதை ஒன்றுதான், நஞ்சையில் முளைத்தது, பாறையில் கருகியது. ‘உன்னால் முடியும்’ என்று ஒரு மணிநேரம் கேட்டுவிட்டு வரும் பிள்ளையைப் பார்த்து, மறுநாள் காலை ‘இதுங்க மண்டையில எதுவும் ஏறாது’ என்று ஒரு குரல் சொன்னால், பிள்ளை எதை நம்பும்?

ஆகவே வேலை வகுப்பறையின் அன்றாடத்தில்தான் இருக்கிறது. ஒரு கழித்தல் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். 52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால், பல பிள்ளைகள் 26 என்று எழுதுவார்கள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்வது எளிது. நின்று பார்த்தால், அந்த 26 கவனக்குறைவில் வந்ததில்லை என்று தெரியும். ஒன்றின் இடத்தில் 2-லிருந்து 8 போகாது. அதனால் பிள்ளை புரட்டிப்போட்டு 8-லிருந்து 2-ஐக் கழித்து 6 என்கிறது. பத்தின் இடத்தில் 5-லிருந்து 3 போக 2. ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்ற விதியை அது ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. இந்தப் பிள்ளையிடம் ‘இன்னும் முயற்சி செய்’ என்று சொன்னால், அதே விதியோடு இன்னும் பத்துக் கணக்குப் போடும், பத்தும் தவறும். அந்தப் பத்துத் தவறுகளிலிருந்துதான் ‘வராது’ என்ற சொல் பிறக்கிறது. மாறாக, ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கையில் கொடுத்து, கடையில் 38 ரூபாய் தரச் சொல்லலாம். மூன்று தாள் கொடுத்தாயிற்று. எட்டு நாணயத்துக்கு எங்கே போவது? ஒரு தாளைச் சில்லறையாக மாற்ற வேண்டும். மீதி ஒரு தாளும் நான்கு நாணயமும். ‘கடன் வாங்குதல்’ என்று வாய்ப்பாடாகச் சொல்லப்பட்டது என்ன என்று அந்தப் பிள்ளையின் கைக்கே தெரிந்துவிடும்.

முயற்சியைப் பாராட்டினால் போதும் என்று இந்தக் கருத்தைச் சுருக்கிவிட்டார்கள் என்பது டுவெக்கே பிற்பாடு வருந்தி எழுதிய செய்தி. தவறான வழியில் உழைக்கும் பிள்ளைக்குப் பாராட்டு கொடுப்பது ஆறுதல் பரிசு போன்றது. பிள்ளைக்கும் அது தெரியும். வழியை மாற்றிக் காட்டுவதும், மாற்றியபின் வந்த பயனைச் சுட்டிக்காட்டுவதும் சேர்ந்தால்தான் முயற்சிக்குப் பொருள் உண்டு. இதைவிட மோசமானது, பிள்ளை தோற்றால் ‘உனக்கு வளர்மனம் இல்லை’ என்று பழியை அதன்மேல் போடுவது. கட்டடமும் ஆசிரியரும் புத்தகமும் இல்லாத குறையை மனப்பான்மையால் ஈடுகட்டச் சொல்வது அநியாயம்.

அன்பாகச் சொல்லும் ஆறுதலும் சில நேரம் கெடுதல் செய்கிறது. எல்லோருக்கும் கணக்கு வந்துதான் ஆக வேண்டுமா, பரவாயில்லை என்று தேற்றும் ஆசிரியரைப் பற்றி அனீதா ரத்தன் குழு 2012-ல் ஆராய்ந்தது. அதைக் கேட்ட மாணவர்கள், ஆசிரியர் தங்கள்மேல் நம்பிக்கை இழந்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டார்கள், ஊக்கமும் குறைந்தது. இதற்கு நேர்மாறாக, 2014-ல் வெளியான ஒரு சோதனையில் ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தபோது ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டினார்கள். உன்னிடம் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று அறிவேன், அதனால்தான் இத்தனை திருத்தங்கள் என்பது அதன் சாரம். ஆசிரியர் தங்களைத் தாழ்வாக நினைக்கிறாரோ என்று ஐயுற வாழ்நாள் அனுபவமே காரணம் தந்திருந்த கறுப்பின மாணவர்களில், கட்டுரையைத் திருத்தி எழுதி மறுபடி கொடுத்தவர்கள் சாதாரணக் குறிப்பு கிடைத்த குழுவில் 17 சதவீதம். இந்தக் குறிப்பு கிடைத்த குழுவில் 72 சதவீதம். இரண்டாம் முறை எழுத வாய்ப்பு கொடுக்கப்பட்டிருந்ததால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு இதோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்புரை மட்டும், இன்னொரு குழுவுக்கு இரண்டும் தந்தார். குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றார்கள். எண்ணைப் பார்த்த கண் எழுத்துக்குப் போகவில்லை. ஆசிரியர் இரவெல்லாம் விழித்து எழுதிய குறிப்பு, மேலே இருக்கும் 35-க்குக் கீழே படிக்கப்படாமல் கிடக்கிறது.

அதனால் விடைத்தாளைத் திருப்பித் தரும் நாளில் முதலில் குறிப்புரையைத் தந்து, தவறிய கணக்கை அங்கேயே மறுபடி போட வைத்து, மதிப்பெண்ணைப் பிறகு சொல்வது நல்லது. இதற்குப் புதிய பாடநூலும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம். பாதிப் பாடவேளை போதும்.